மேலுக்குச் சரியில்லை

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து பத்து வருஷம் ஆகிறது. "ஒரு தடவை முழுசா செக்கப் பண்ணிருங்க" என்று ஊர் டாக்டர் சொன்னதால் சென்னைக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டோக்கன் வாங்கி உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் ஆனது. பொறுமை போய் அம்மாவே எழுந்து வரவேற்பு மேஜைக்குப் போனாள்.

"ஏம்மா, டாக்டர் வந்துட்டாவளா?"

மேஜையில் இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். அவள் அம்மாவுக்குப் பதில் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்து, "வந்துட்டாவளாம்" என்றாள், அந்த "வ"வை மட்டும் நீட்டி. இரண்டு பேரும் சிரித்தார்கள். சத்தமான சிரிப்பு இல்லை. கெட்ட எண்ணமும் இருந்திருக்காது. அப்புறம்தான் "உக்காருங்க ஆன்ட்டி, கூப்பிடுவோம்" என்றாள்.

அம்மா வந்து உட்கார்ந்து சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். ஏ.சி. குளிர் போல என்று நினைத்துவிட்டேன்.

உள்ளே போனதும் டாக்டர் "சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?" என்று கேட்டார். "மேலுக்குச் சரியில்ல" என்று அம்மா தொடங்கினாள். "மேலன்னா எங்க? நெஞ்சுலயா, தலையிலயா?" என்றார் அவர். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் மேல் என்றால் உடம்பு. மேல் கழுவுவது என்றால் தலை நனையாமல் குளிப்பது. மேலெல்லாம் வலி என்றால் உடம்பு முழுக்க வலி. டாக்டர் கேட்டது நியாயமான கேள்வி. தெரியாத சொல்லைக் கேட்டுத்தானே தெரிந்துகொள்ள வேண்டும்? ஆனால் வெளியே கேட்ட சிரிப்பு அம்மாவின் காதில் அப்படியே இருந்தது. என் முகத்தைப் பார்த்தாள். "நீ சொல்லு தாயி" என்றாள். அதோடு சரி, அந்த அறையை விட்டு வெளியே வரும்வரை அவள் வாய் திறக்கவில்லை. சர்க்கரை அளவு, மாத்திரை பேர், தூக்கம் வரவில்லை, தலை சுற்றுகிறது என்று எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்த "வந்துட்டாவ" எப்படிப்பட்ட சொல் என்று சொல்லிவிடுகிறேன். வந்தார்கள் என்பதுதான் மதுரை, ராமநாதபுரம் பக்கம் "வந்தாக" ஆகிறது. எங்களிடம் அது இன்னும் கொஞ்சம் இளகி "வந்தாவ" ஆகிறது. ஒரே ஆளைப் பற்றிப் பேசும்போதும் மரியாதைக்காகப் பன்மையில் சொல்வோம். அப்பா வந்தாவ, சார் சொன்னாவ, அவிய வீட்லதான் இருக்காவ. "டாக்டர் வந்துட்டாரா" என்று கேட்டாலும் மரியாதைதான். அம்மா கேட்டது அதற்கும் ஒரு படி மேலே. சம்பந்தி வீட்டாருக்குக் கொடுக்கிற மரியாதையை, முகம்கூடப் பார்த்திராத ஒரு டாக்டருக்குக் கொடுத்தாள். சிரிப்பு வந்தது அதற்குத்தான்.

வெளியூர்க்காரர்களுக்குத் திருநெல்வேலிப் பேச்சு என்றால் "ஏலே" தெரியும், அரிவாள் தெரியும். சினிமாவில் எங்கள் பேச்சு வந்தால் பெரும்பாலும் வெட்டுக்குத்து, இல்லையென்றால் காமெடி. "நீரு எப்பம் வந்தீரு?" என்று கேட்கும் அந்த "நீர்" யாருக்கும் தெரிவதில்லை. நீ என்று சொன்னால் மட்டம், நீங்கள் என்று சொன்னால் தூரம் என்று தோன்றும் இடத்தில், சம வயது நண்பரிடம் பிரியமும் மரியாதையும் கலந்து சொல்வதற்கு எங்கள் பெரியவர்களிடம் இன்னும் அந்தச் சொல் இருக்கிறது. மற்ற ஊர்ப் பேச்சில் அது நாடகத்துக்கும் பழைய கடிதத்துக்கும் போய்விட்டது.

எட்டாம் வகுப்பில் ஒரு பேச்சுப் போட்டி. எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்குப் பக்கம். ஆறு, வாய்க்கால், வாழைத் தோட்டம். மேடையில் ஏறி "மழை" என்ற இடத்தில் "மளை" என்றேன். "வாழ்க" என்பதை "வாள்க" என்றேன். தெற்கே எங்கள் வாயில் ழகரம் ளகரமாகத்தான் விழும். வடக்கே சென்னைப் பக்கம் அதே ழகரம் யகரமாகி வாயப்பயம் ஆகும். ஆசிரியர் பாதியில் நிறுத்தினார். "இதெல்லாம் காட்டுப் பேச்சு. வயக்காட்டுலயே விட்டுட்டு வரணும்" என்று மைக்கிலேயே சொன்னார். அதற்குப் பிறகு ஒரு மாதம் உட்கார வைத்து எனக்கு ழகரம் பழக்கியவரும் அவர்தான். அதற்கு நான் கடன்பட்டிருக்கிறேன். மேடைக்கும் வாசிப்புக்கும் அந்த ஒலி வேண்டும், கற்றுத்தான் ஆக வேண்டும். ஆனால் அன்றைக்கு நான் கற்றது ழகரத்தை மட்டும் இல்லை. என் அம்மா பேசுவது தப்பு என்பதையும் சேர்த்தே கற்றேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும், "ஏட்டி, பரிசு கெடச்சிட்டா?" என்று ஆசையாகக் கேட்டாள். "ஏட்டின்னு கூப்பிடாத" என்று கத்தினேன். அவள் கையில் இருந்த முறம் அப்படியே நின்றது இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது.

சரியான பேச்சு, தப்பான பேச்சு என்ற இந்தக் கோடு இன்று நேற்றுப் போட்டது இல்லை என்று பிறகு படித்தபோது தெரிந்தது. தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்கள் செந்தமிழ் நிலத்துக்கு எல்லை சொல்வார்கள்: வைகையாற்றுக்கு வடக்கே, மருதயாற்றுக்குத் தெற்கே, கருவூருக்குக் கிழக்கே, மருவூருக்கு மேற்கே. அதற்கு வெளியே பன்னிரண்டு நாடுகள், கொடுந்தமிழ் பேசுகிறவை. அந்தப் பட்டியலில் ஒரு பேர் தென்பாண்டி. நாங்கள்தான். அகத்தியர் இருந்து தமிழ் வளர்த்ததாகச் சொல்லும் பொதிகை மலையும் அதன் அடிவாரமும் செந்தமிழ் எல்லைக்குள் வராது. முதலில் படித்தபோது வயிறு எரிந்தது. அப்புறம் நிதானமாகப் படித்தேன். கொடு என்றால் வளைந்தது. கொடியது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வளைந்த தமிழ் என்று பேர் வைத்தாலும் அந்த உரைகாரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். தென்பாண்டி நாட்டார் பசுவையும் எருமையையும் பெற்றம் என்பார்கள், தம் மாமியைத் தந்துவை என்பார்கள் என்று சேனாவரையர் எழுதி வைத்திருக்கிறார். செய்யுளுக்கு உரிய சொற்கள் நான்கு என்று தொல்காப்பியம் சொல்லும்போது, இயற்சொல், திரிசொல், வடசொல்லோடு திசைச்சொல்லுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. ஒரு ஊர்க்காரர் வாயில் வரும் சொல்லைக் காது கொடுத்துக் கேட்டு, பொருள் விசாரித்து, பாட்டுக்குள் வரலாம் என்று வழி விட்டிருக்கிறார்கள்.

மார்கழியில் எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஓடும். "எல்லே இளங்கிளியே இன்னம் உறங்குதியோ" என்ற வரி வரும் நேரத்துக்குச் சரியாக அடுக்களையிலிருந்து அம்மாவின் குரலும் வரும்: "ஏட்டி, இன்னும் ஒறங்குதியா?" ஸ்ரீவில்லிபுத்தூர் எங்களுக்கு வடக்கே இருக்கும் ஊர். ஆண்டாளுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் இருக்கிறது, ஆனால் வினைச்சொல் அப்படியே கிடக்கிறது. அந்த அடுக்களை ஓரத்தில் பாத்திரம் கழுவும் இடத்துக்கு எங்கள் வீட்டில் அங்கணம் என்று பேர். குறளில் "அங்கணத்துள் உக்க அமிழ்து" என்று வள்ளுவர் சொல்லும் அதே அங்கணம். மெதுவாக என்பதற்கு நாங்கள் சொல்லும் "பைய"வும் குறளில் இருக்கிறது.

பழசாக இருப்பதால்தான் மதிக்க வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. அந்த வாதம் எனக்குப் பிடிக்காது. அப்படிப் பார்த்தால் பழைய நூலில் இல்லாத சொல்லைச் சொல்கிறவன் என்ன செய்வான்? எங்கள் பக்கம் காசுக்குத் துட்டு என்போம். டச்சுக்காரர்கள் 1658-ல் தூத்துக்குடியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார்கள். டொய்ட் என்ற அவர்களுடைய செப்புக் காசின் பேர்தான் துட்டு. எந்தப் பழம்பாட்டிலும் அது இருக்காது. ஆனாலும் முத்துக் குளித்தவனும் உப்பளத்தில் நின்றவனும் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் கூலி வாங்கினான்.

துட்டு என்ற சொல் எனக்கு ஒரு காலத்தில் சம்பளத்தில் கை வைத்தது. 2009-ல் சென்னையில் ஒரு வங்கியின் வாடிக்கையாளர் சேவை மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். போனில் தமிழில் பேசுகிறவர்களுக்குத் தமிழில் பதில் சொல்லும் பிரிவு. மூன்று வாரப் பயிற்சி. "நியூட்ரல் தமிழ்" பேச வேண்டும் என்றார்கள். எந்த ஊர்க்காரர் என்று தெரியக்கூடாதாம். வெள்ளைப் பலகையில் ஒரு பக்கம் பேசக்கூடாத சொற்கள்: துட்டு, எப்பம், சொல்லுதேன், பாத்துக்கிடுங்க. துட்டுக்கு எதிரே "அமௌண்ட்" என்று எழுதியிருந்தது. கோயம்புத்தூர்ப் பையனுக்கு "ஏனுங்க", நாகர்கோவில் பெண்ணுக்கு அவள் பாட்டாகப் பேசும் பேச்சு என்று எல்லோருக்கும் ஏதாவது ஒன்று பலகையில் இருந்தது. சென்னைக்காரர்களுக்கு மட்டும் ஒன்றும் இல்லை என்று சொல்ல வந்தேன், அதுவும் இல்லை. வியாசர்பாடியிலிருந்து வந்த தோழிக்குத்தான் எல்லோரையும் விட நீளமான பட்டியல். அவள் வாயைத் திறந்தாலே வகுப்பு சிரித்தது. நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு பெரியவர் லைனில் வந்தார். எனக்கு முன்னால் ஒருவர் எடுத்து, புரியாமல் என்னிடம் மாற்றியிருந்தார்.

"மெஷின்ல கார்டப் போட்டேன் தாயி. துட்டு வரல. கணக்குல கழிஞ்சிட்டு."

முதலில் எடுத்தவருக்கு என்ன புரியவில்லை என்று கேட்டவுடனே தெரிந்துவிட்டது. கழிந்துவிட்டது என்பது எங்களிடம் "கழிஞ்சிட்டு". பஸ் போய்விட்டது என்றால் "பஸ் போயிட்டு". வாக்கியம் அங்கே முடிந்துவிட்டது. ஆனால் மற்ற ஊர்க் காதுக்கு அது முடியாத வாக்கியம். கழிஞ்சிட்டு... அப்புறம்? என்று காத்திருப்பார்கள். சொன்னவர் பதிலுக்குக் காத்திருப்பார். இரண்டு பக்கமும் மௌனம். அந்த மௌனத்தில் இவருக்கு விவரம் போதாது என்று கேட்டவரும், இவர்களுக்கு என் பேச்சு பிடிக்கவில்லை என்று சொன்னவரும் முடிவு செய்துவிடுவார்கள்.

நான் பழக்கிய குரலில், "உங்கள் பரிவர்த்தனை விவரங்களைத் தெரிந்துகொள்ளலாமா சார்?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஒண்ணுமில்ல தாயி. வச்சிருதேன்" என்றார். அந்த "வச்சிருதேன்" என் தாத்தாவின் குரல் மாதிரியே இருந்தது. என்னை அறியாமல் "தாத்தா, வச்சிராதிய. எந்த ஊரு மெஷின்ல எடுத்திய? எப்பம்?" என்றேன்.

"நீ நம்மூருப் பிள்ளையா?"

அதற்கப்புறம் எல்லாமே சரசரவென்று வந்தது. இடையன்குடிப் பக்கம் ஊர், திசையன்விளையில் எடுத்தது, காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், நாலாயிரம் ரூபாய், சீட்டு வந்தது, சீட்டில் உள்ள நம்பர் இது. ஒரு விவரம் விடவில்லை. விவரம் இல்லாதவர் என்று என்னிடம் தள்ளிவிடப்பட்ட மனிதர் அவர். புகார் பதிவு செய்தேன், சில நாளில் பணமும் திரும்ப ஏறியது. அந்த மாதக் கடைசியில் குவாலிட்டி டீம் இந்த அழைப்பைக் கேட்டுவிட்டு, பேச்சு நடைக்கான மார்க்கில் பூஜ்யம் போட்டார்கள். அந்த மாத ஊக்கத்தொகை போனது.

இடையன்குடி கால்டுவெல் இருந்த ஊர். 1841-ல் அங்கே வந்து சேர்ந்து வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தவர். அவரை அடக்கம் செய்திருப்பதும் அங்கேதான். தேரி என்னும் செம்மணல் காட்டில் பனையேறிகளுக்கு நடுவே இருந்துகொண்டு அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-ல் வெளிவந்தது. அதே மண்ணிலிருந்து பேசிய மனிதரின் வாயை அடைக்கத்தான் எனக்கு மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள் என்பதை நினைக்க நினைக்க ஆறவில்லை. அதைவிட ஆறாதது இன்னொன்று. பூஜ்யம் வாங்கியதற்குப் பிறகு அந்த வேலையில் மேலும் நாலு வருஷம் இருந்தேன். ஒரு முறைகூட நம்மூர்ப் பேச்சில் யாருக்கும் பதில் சொல்லவில்லை. எத்தனை பேர் "வச்சிருதேன்" என்று வைத்துவிட்டுப் போனார்களோ.

வீடு தேடிய கதை ஒன்று உண்டு. மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போன் செய்தேன். வேலை நேரம் இல்லாததால் இயல்பாகப் பேசிவிட்டேன். "திருநெல்வேலியா? எந்த ஆளுங்க?" என்று கேட்டார்கள். அதைச் சொல்ல விருப்பமில்லை என்றதும் வீடு போய்விட்டது என்று பதில் வந்தது. அரை மணி கழித்து அலுவலகத் தோழி அதே நம்பருக்குப் பேசினாள். சாயங்காலம் வந்து பாருங்கள் என்றார்கள். அமெரிக்காவில் ஜான் பாவ் என்ற மொழியியலாளர் இதையே ஆய்வாகச் செய்தார். கறுப்பினத்தவர் பேச்சு, மெக்சிகோ வழி வந்தவர் பேச்சு, பொது ஆங்கிலம் மூன்றும் அவருக்கு வரும். மூன்றிலும் வீட்டுக்காரர்களுக்குப் போன் செய்து வீடு பார்க்க நேரம் கேட்டார். வெள்ளையர் அதிகம் வாழும் பகுதிகளில் முதல் இரண்டு பேச்சுக்கும் நேரம் கிடைத்தது குறைவு. அவரும் உடன் ஆய்ந்தவர்களும் 1999-ல் அதை வெளியிட்டார்கள். கேட்டது ஒரே மனிதர், கேள்வியும் ஒன்றுதான். அதைப் படித்த அன்று மடிப்பாக்கத்துக் குரல் என் காதில் மறுபடி கேட்டது.

ஆனால் பேச்சைக் கேட்டு "எந்த ஆளுங்க" என்று தேடும் காது சென்னையில் முளைத்தது இல்லை. அது எங்கள் ஊரில் நன்றாகவே விளைகிறது. ஆற்றுப் பாசனக்காரர்களுக்குத் தேரிக்காட்டுப் பேச்சு மட்டம். டவுன்காரர்களுக்கு மேற்கே மலையடிவாரத்துப் பேச்சு மட்டம். ஒரு வாக்கியம் பேசினால் போதும், எந்தத் தெரு என்று சொல்லிவிடும் கிழவர்கள் எங்கள் கிராமத்தில் திண்ணைக்குத் திண்ணை இருந்தார்கள். அதை ஒரு திறமை போலச் சொல்லிக்கொள்வார்கள். தெரு தெரிந்தபின் டம்ளர் மாறும். அவ்வளவுக்கும் அந்தக் காதுதான் வேலை செய்தது.

ஏழாம் வகுப்பில் காயல்பட்டினத்திலிருந்து ஒரு பெண் எங்கள் பள்ளியில் வந்து சேர்ந்தாள். முதல் நாள் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து, "எங்க உம்மா ஆணம் வச்சித் தந்தாங்க" என்றாள். ஆணம் என்றால் குழம்பு. எங்களுக்கு அது தெரியாது. தெரியாததைக் கேட்டிருக்கலாம். நாங்கள் ஆறு பேரும் "ஆணம், ஆணம்" என்று ஒரு வாரம் அவளைக் கூப்பிட்டோம். காலைச் சாப்பாட்டை அவள் "பசியாறியாச்சா" என்றுதான் கேட்பாள். இவ்வளவு அழகாக ஒருவரைச் சாப்பிட்டாயா என்று கேட்க முடியும் என்று எனக்கு முப்பது வயதில்தான் உறைத்தது. அந்த வாரத்துக்குப் பிறகு அவள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. வகுப்பில் கேள்வி கேட்டால் தெரிந்த பதிலுக்கும் தலையைக் குனிந்துகொண்டாள். வருஷக் கடைசியில் மாற்றலாகிப் போய்விட்டாள். எட்டாம் வகுப்பு மேடையில் எனக்கு நடந்தது, ஏழாம் வகுப்பில் அவளுக்கு நான் செய்தது.

அம்மாவின் செக்கப் முடிந்து ரிப்போர்ட் எல்லாம் வாங்கிக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ஊருக்குக் கிளம்பினோம். அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை, எனக்கு நடுப்படுக்கை. எதிரே கடையநல்லூர்க்கார அம்மா ஒருவர். செங்கல்பட்டு வருவதற்குள் இரண்டு பேரும் உறவு மாதிரி ஆகிவிட்டார்கள். மூன்று நாளாக என் வீட்டில் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத அம்மா, மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். வாழை விலை, தங்கச்சி மகள் கல்யாணம், மறுவீட்டில் வைத்த சொதி நீர்த்துப் போனது. நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். விளக்கை அணைத்தபிறகும் பேச்சு ஓடியது.

"உள்ளங்கால்ல ஒரு புண்ணு கெடக்கு பாத்துக்கிடுங்க. பத்து நாளாச்சு. வலியே இல்ல. அதான் பயமா இருக்கு. ராத்திரியானா கால் மதமதன்னு வருது."

"ஆஸ்பத்திரில சொல்லலையா?"

"எங்கன சொல்ல. நம்ம பேச்சு அவியளுக்கு வெளங்கல. சிரிக்காவ. பிள்ளைக்கும் சடவா இருக்கும்லா."

சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் நரம்பு மரத்துப்போகும், புண் வந்தால் வலி தெரியாது, வலி தெரியாத புண்தான் காலையே வாங்கிவிடும் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் படம் போட்டு எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழேதான் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். படுக்கையிலிருந்து இறங்கி, செல்போன் வெளிச்சத்தில் அம்மாவின் இடது பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஐந்து ரூபாய்க் காசு அளவு. ஓரம் கறுத்திருந்தது. "ஒண்ணுமில்லட்டி, நீ ஒறங்கு" என்றாள்.

மறுநாள் காலையில் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. ஸ்டேஷனிலிருந்து நேராகப் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் போனோம். வயதானவர், சின்ன கிளினிக், மர பெஞ்சு. அம்மா வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை. அவர் குனிந்து காலைப் பார்த்தார். நிமிர்ந்து அம்மாவிடம், "மேலுக்கு எப்படி இருக்கு? இது எத்தன நாளா கெடக்கு?" என்று கேட்டார்.

அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, வாய்க்கால் கரையில் உடைமுள் ஏறிய நாளிலிருந்து தொடங்கினாள்.